லண்டன் தீர்ப்பு ராட்டர்டாமில் செல்லுமா?

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். பெரியமேட்டில் தோல் பை தைக்கும் பட்டறை. 2023 நவம்பரில் லண்டன் கம்பெனி ஒன்றுக்கு 90 நாள் கடனில் சரக்கு அனுப்பியதில் 38,000 பவுண்டு பாக்கி. இப்போது அந்தக் கம்பெனி கிடங்கை ராட்டர்டாமுக்கு மாற்றிவிட்டது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபிறகு லண்டன் தீர்ப்பு நெதர்லாந்தில் செல்லாது என்று யாரோ சொல்ல, சென்னையிலேயே வழக்குப் போட்டு முடித்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே, பாண்டிச்சேரி வழியில் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தங்கை கணவர் லண்டனில் இருக்கிறார், அவர்கள் குடும்பத்துக்குச் சிக்கல் வருமா என்கிறீர்கள். கடைசி வரியில், ஒரு நாடு இப்படி விலகினால் சாதாரண ஆளுக்கு நீதி கிடைப்பதில் என்னதான் மாறுகிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: ஒரு நாட்டு நீதிமன்றம் எழுதிக் கொடுத்த தாளை அடுத்த நாட்டு நீதிமன்றம் எந்தக் கட்டாயத்தில் மதிக்கிறது?

பாரிமுனைப் பக்கம் வழக்கு நடத்திய எவரும் சொல்வார்கள், டிக்ரி வாங்குவது பாதி வேலைகூட இல்லை, தீர்ப்பை நிறைவேற்றக் கோரும் ஈ.பி. மனுப் போட்டு, அமீனா போய், ஜப்தி நடந்து, பணம் கைக்கு வருவதுதான் வழக்கு. ஒன்றியத்தை விட்டு விலகியதில் பிரிட்டனுக்கு உடைந்தது அந்த இரண்டாவது பாதி. ஒப்பந்தச் சட்டம் மாறவில்லை, லண்டன் நீதிபதிகள் மாறவில்லை. அவர்கள் தரும் தீர்ப்பு கடலைக் கடந்து போகும் வழிதான் மாறிவிட்டது.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது: சென்னைக்கும் லண்டனுக்கும் இடையில் உள்ள வழி ஐரோப்பிய ஒன்றியத்தின் வழியாக ஒருபோதும் போனதில்லை. அதனால் அது அப்படியே இருக்கிறது. நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின் கீழ் பிரிட்டனைப் பரிமாற்ற நாடாக 1953-இல் அறிவித்தார்கள். இங்கிலாந்து உயர் நீதிமன்றத்தின் பணத் தீர்ப்பை இங்கே மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, நம் ஊர் டிக்ரி போலவே நிறைவேற்றலாம். எதிர்த்திசையில், இந்திய நீதிமன்றத் தீர்ப்பை அங்கே பதிவு செய்ய 1933-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டமும், அதை இந்தியாவுக்கு நீட்டித்த 1958 ஆணையும் இருக்கின்றன. தீர்ப்பு வந்த 6 ஆண்டுக்குள் லண்டன் உயர் நீதிமன்றத்தில் பதிவுக்கு மனுப் போட வேண்டும். 44ஏ பிரிவில் ஒரு நுணுக்கம் உண்டு: அறிவிக்கப்பட்டவை உயர்மட்ட நீதிமன்றங்கள் மட்டுமே. இங்கிலாந்தின் கவுன்டி நீதிமன்றத் தீர்ப்பு அந்தப் பட்டியலில் இல்லை. அதையும், நெதர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ் தீர்ப்புகளையும் வைத்து இங்கே புதிதாக ஒரு வழக்குப் போட வேண்டும். அதற்கு 3 ஆண்டுதான் காலவரம்பு.

இதைப் படித்ததும், சென்னையிலேயே டிக்ரி வாங்கி லண்டனில் பதிவு செய்துவிடலாமே என்று தோன்றும். உங்களைப் போன்ற ஏற்றுமதியாளர்கள் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். இங்கே பிராது போட்டு, சம்மன் அனுப்பி, எதிராளி எட்டிப்பார்க்காமல் போக, எக்ஸ்பார்ட்டி டிக்ரி கையில் வரும். அந்த டிக்ரியை அங்கே பதிவு செய்யப் போனால், 1933 சட்டம் ஒரு கேள்வி கேட்கும்: இந்த எதிராளிமேல் சென்னை நீதிமன்றத்துக்கு அதிகாரம் எப்படி வந்தது? அவர் இங்கே வந்து வழக்காடியிருக்க வேண்டும். அல்லது சென்னை நீதிமன்றத்துக்குக் கட்டுப்படுவதாக முன்பே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அல்லது அவருடைய முக்கிய அலுவலகம் இங்கே இருந்திருக்க வேண்டும். அல்லது இங்கே உள்ள அவருடைய கிளை வழியாக அந்த வியாபாரம் நடந்திருக்க வேண்டும். சரக்கு சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியது என்பது நம் நீதிமன்றத்துக்குப் போதும். அந்தச் சட்டத்துக்குப் போதாது. ஆக, உங்கள் பர்ச்சேஸ் ஆர்டரிலோ இன்வாய்ஸிலோ இருவரும் ஒப்புக்கொண்ட சென்னை நீதிமன்ற வரி இல்லாவிட்டால், இங்கே வாங்கும் எக்ஸ்பார்ட்டி டிக்ரி அங்கே பயன்படாது. ஆர்டர் முடிந்தபிறகு நீங்களாக இன்வாய்ஸின் அடியில் அச்சடித்த வரியும் பெரும்பாலும் நிற்காது. எதிராளி அதை ஏற்றுக்கொண்டதற்கு ஓர் ஆதாரம், ஒரு மின்னஞ்சலாவது, வேண்டும்.

எனவே வழக்கை லண்டனில் போடுவதுதான் உங்களுக்குச் சரி. கம்பெனி இங்கிலாந்தில் பதிவானது என்பதால் அங்குள்ள நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறதா என்ற சண்டையே வராது. பதிவு அலுவலக முகவரிக்குச் சம்மன் போனால் போதும். 1,00,000 பவுண்டுக்குக் கீழான கடன் வழக்கு கவுன்டி நீதிமன்றத்துக்குப் போகும். 10,000-க்கும் 2,00,000-க்கும் இடைப்பட்ட தொகைக்கு நீதிமன்றக் கட்டணம் 5 சதவீதம், உங்கள் கணக்கில் 1,900 பவுண்டு. வழக்குக்கு முன் ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். எளிய கடன் என்றால் 14 நாள் என்பது வழக்கம். எதிராளி கேட்டால், நீங்கள் வெளிநாட்டுக்காரர், தோற்றால் செலவை உங்களிடம் வசூலிப்பது கஷ்டம் என்று சொல்லி, செலவுக்கு ஈடாக ஒரு தொகையை நீதிமன்றத்தில் முன்னதாகக் கட்டச் சொல்ல வாய்ப்பு இருக்கிறது. இந்தியர்களுக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு, பிரெக்சிட்டால் வந்ததல்ல.

சாட்சி அறிக்கை விஷயத்தில் நம் ஆட்கள் தேவையில்லாமல் முத்திரைத்தாள் வாங்கி நோட்டரியிடம் ஓடுகிறார்கள். இங்கிலாந்து நடைமுறையில், இதில் உள்ளவை உண்மை என்று உறுதிகூறும் அவர்களுடைய வரியின் கீழ் கையெழுத்தும் தேதியும் இருந்தால் சாட்சி அறிக்கை செல்லும். பொய் என்று தெரிந்தே கையெழுத்திட்டால் நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை வரும். ஆனால் வேறொரு விதி கண்டிப்பானது. சாட்சிக்கு எந்த மொழி சொந்தமோ அந்த மொழியில்தான் அறிக்கை எழுதப்பட வேண்டும். சரக்கைக் கட்டி அனுப்பிய உங்கள் மேஸ்திரி தமிழில்தான் பேசுவார் என்றால், அவர் அறிக்கையைத் தமிழில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி, மொழிபெயர்ப்பாளர் சான்றோடு ஆங்கிலப் படியையும் சேர்த்துத் தாக்கல் செய்ய வேண்டும். வழக்கறிஞர் வழவழப்பான ஆங்கிலத்தில் எழுதி, அவரைக் கையெழுத்து மட்டும் போடச் சொன்னால், குறுக்கு விசாரணையில் அந்த அறிக்கை கிழிந்துபோகும்.

இனி ராட்டர்டாம். 2020 முடியும்வரை இது எவ்வளவு எளிதாக இருந்தது என்று தெரிந்தால்தான் இழப்பு புரியும். லண்டன் நீதிமன்றம் தீர்ப்போடு ஒரு படிவம் தரும்: யார் யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து வட்டி, தீர்ப்பு நிறைவேற்றத்தக்கதா என்று கட்டம் கட்டமாக நிரப்பிய சான்று. அந்தத் தாளையும் தீர்ப்பின் நகலையும் எடுத்துக்கொண்டு நேராக நெதர்லாந்து அமீனாவிடம் போகலாம்; நடுவில் எந்த நீதிபதியிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஒன்றியத்துக்குள் இருந்த ஒவ்வொரு நாட்டுத் தீர்ப்புக்கும் அதே மரியாதை. பிரிட்டன் 2020 ஜனவரி 31 அன்று விலகியது. இடைக்காலம் அந்த ஆண்டு டிசம்பர் 31 இரவு லண்டன் நேரம் 11 மணிக்கு முடிந்தது. அந்த மணியோடு அந்தப் படிவமும் போயிற்று. அடுத்த நாள் அமலுக்கு வந்த வணிக ஒத்துழைப்பு ஒப்பந்தத்தில் மீனுக்கும் காருக்கும் பக்கம் பக்கமாக விதிகள் உண்டு. சாதாரண வியாபாரக் கடன் தீர்ப்பு எப்படிக் கடல் தாண்டும் என்பதற்கு விதி இல்லை. ஒருவர் நாட்டுத் தீர்ப்பை மற்றவர் ஏற்பதற்கென்று ஒன்றியத்தோடு சுவிட்சர்லாந்தும் நார்வேயும் இருக்கும் லுகானோ உடன்படிக்கையில் சேர பிரிட்டன் 2020 ஏப்ரலில் விண்ணப்பித்தது. ஐரோப்பிய ஆணையம் 2021-இல் சம்மதம் தர முடியாது என்று சொல்லிவிட்டது.

எனவே இப்போது ஒரு லண்டன் தீர்ப்பின் தலையெழுத்தை, வழக்கு எந்தத் தேதியில் தொடங்கியது என்பது தீர்மானிக்கிறது. தீர்ப்பு வந்த தேதி அல்ல. 2020 டிசம்பர் 31-க்குள் தொடங்கிய வழக்கு என்றால், தீர்ப்பு எவ்வளவு தாமதமாக வந்தாலும் பழைய எளிய வழி உண்டு. அதற்குப்பின் தொடங்கி, ஒப்பந்தத்தில் 'லண்டன் நீதிமன்றம் மட்டுமே' என்று இருவரும் எழுதியிருந்தால், நீதிமன்றத் தேர்வு பற்றிய 2005 ஹேக் உடன்படிக்கை கைகொடுக்கும். அப்படி ஒரு வரி இல்லாமல் 2021 ஜனவரிக்கும் 2025 ஜூன் கடைசிக்கும் இடையில் தொடங்கிய வழக்குகள்தான் அநாதையாக நிற்கின்றன. அந்தந்த நாட்டு உள்நாட்டுச் சட்டத்தின் கருணையில் போக வேண்டும். 2025 ஜூலை 1 முதல், தீர்ப்புகள் பற்றிய 2019 ஹேக் உடன்படிக்கை பிரிட்டனுக்கு அமலுக்கு வந்துவிட்டது. டென்மார்க் தவிர்த்த ஒன்றிய நாடுகள் 2023 செப்டம்பர் முதலே அதில் இருக்கின்றன. அந்தத் தேதிக்குப்பின் தொடங்கும் சாதாரண வியாபாரக் கடன் வழக்குகளுக்கு மறுபடியும் ஒரு பாதை திறந்திருக்கிறது.

உங்கள் வழக்கு இன்னும் தொடங்கவில்லை. தாமதத்தில் கிடைத்த ஒரே நன்மை இது. எதிராளி இங்கிலாந்தில் பதிவான கம்பெனி என்பதே 2019 உடன்படிக்கையின் தகுதி ஒன்றை நிறைவு செய்கிறது. ஆனால் பழைய காலம் போல நேராக அமீனாவிடம் போக முடியாது. நெதர்லாந்து நீதிமன்றத்தில் அனுமதி வாங்க வேண்டும், அதற்கு அங்கே ஒரு வழக்கறிஞர் வேண்டும். தீர்ப்பின் முழுச் சான்றிட்ட நகல், அது இங்கிலாந்தில் இப்போது நிறைவேற்றத்தக்கது என்று காட்டும் தாள், எதிராளி வராமல் போன தீர்ப்பு என்றால் அவருக்குச் சம்மன் சேர்ந்ததற்கான ஆதாரம், கேட்டால் டச்சு மொழிபெயர்ப்பு, இவ்வளவும் தேவை. இவற்றில் சம்மன் சேர்ந்த ஆதாரத்தைத்தான் பலர் தொலைத்துவிடுகிறார்கள். வழக்குத் தொடங்கும் நாளிலிருந்தே அதைத் தனிக் கோப்பில் வையுங்கள்.

ஐயத்துக்கு உரிய இடம் ஒன்றும் இருக்கிறது. ஒன்றியத்தில் சேர்வதற்கு முன்பு பிரிட்டன் சில ஐரோப்பிய நாடுகளோடு தனித்தனியாகத் தீர்ப்பு உடன்படிக்கைகள் செய்திருந்தது: பிரான்ஸோடு 1934-இல், ஜெர்மனியோடு 1960-இல், நெதர்லாந்தோடு 1967-இல். ஒன்றிய விதிகள் அவற்றை ஓரங்கட்டி வைத்திருந்தன. ஒன்றிய விதி போனதும் அவை தூக்கத்திலிருந்து எழுந்துகொண்டனவா, செத்தே போயினவா என்பதில் அறிஞர்கள் இரண்டுபட்டு நிற்கிறார்கள். யாராவது உங்களிடம் 'பழைய ஒப்பந்தம் இருக்கிறது, கவலை வேண்டாம்' என்று உறுதியாகச் சொன்னால், அதை நம்பி 1,900 பவுண்டு கட்ட வேண்டாம். உங்களுக்கு அது தேவையும் இல்லை.

அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. ராட்டர்டாமில் இருக்கும் கிடங்கு யார் பெயரில் இருக்கிறது? லண்டன் கம்பெனியே அங்கே கிடங்கை வாடகைக்கு எடுத்திருந்தால் உள்ளே இருக்கும் சரக்கு அதன் சொத்து. அதே முதலாளி நெதர்லாந்தில் புதிதாக ஒரு பி.வி. (நம் ஊர் பிரைவேட் லிமிடெட் போன்றது) கம்பெனி பதிவு செய்து, அதன் பெயரில் சரக்கை வைத்திருந்தால், லண்டன் கம்பெனிமேல் வாங்கிய தீர்ப்பு அந்தச் சரக்கைத் தொடாது. விலகலுக்குப்பின் சுங்கச் சிக்கலைத் தவிர்க்க ஏராளமான லண்டன் வியாபாரிகள் இப்படி நெதர்லாந்தில் தனிக் கம்பெனி தொடங்கினார்கள். அது ஏமாற்று வேலை என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. ஆனால் வெறும் ஓடாகிவிட்ட கம்பெனிமேல் வழக்குப் போட்டால் கட்டணமும் வீண். பிரிட்டிஷ் கம்பெனிப் பதிவேட்டை இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். கடைசி ஆண்டுக் கணக்கு, இயக்குநர் மாற்றம், சொத்தின்மேல் வங்கி அடமானம், கம்பெனியைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் அறிவிப்பு, எல்லாம் அங்கே தெரியும். நீக்கும் அறிவிப்பு வந்திருந்தால் கடன் கொடுத்தவர் என்ற முறையில் ஆட்சேபம் தெரிவித்து அதை நிறுத்தி வைக்கலாம். நெதர்லாந்து வணிகப் பதிவேட்டில் அதே இயக்குநரின் பெயர் வருகிறதா என்று பார்ப்பது அடுத்த வேலை.

சரக்கு உண்மையில் லண்டன் கம்பெனிக்கே சொந்தம் என்று தெரிந்தால், நெதர்லாந்துச் சட்டத்தில் உங்களுக்கு ஒரு நல்ல ஆயுதம் உண்டு. தீர்ப்பு வருவதற்கு முன்பே, எதிராளிக்குத் தெரியாமல், நீதிபதியிடம் மனுக்கொடுத்துச் சரக்கையோ வங்கிக் கணக்கையோ முடக்கி வைக்கலாம். ஐரோப்பாவிலேயே கடன் கொடுத்தவருக்கு இவ்வளவு இடம் கொடுக்கும் நாடு குறைவு. பல நேரம் ஓரிரு நாளில் அனுமதி கிடைத்துவிடும். முடக்கியபின், நீதிபதி குறிக்கும் நாளுக்குள், அது குறைந்தது 8 நாள், மூல வழக்கைத் தொடங்கியாக வேண்டும். ஒன்று கவனியுங்கள்: கடைசியில் வழக்கில் தோற்றால், முடக்கியதால் எதிராளிக்கு வந்த நட்டம் முழுவதும் உங்கள் தலையில் விழும். தையல் பிரிந்தது, நிறம் போயிற்று என்று எதிராளி ஏதாவது தரப் புகார் எழுதியிருந்தால், அதற்குப் பதில் கையில் இல்லாமல் இந்த ஆயுதத்தை எடுக்காதீர்கள்.

இனி வரும் ஆர்டர்களுக்கு இரண்டு வார்த்தை. 'லண்டன் நீதிமன்றம் மட்டுமே' என்ற வரி லண்டன் தீர்ப்பை ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகும். 'சென்னை நீதிமன்றம் மட்டுமே' என்ற வரிக்கு அந்த வலு கிடையாது, ஏனென்றால் இந்தியா 2005 உடன்படிக்கையில் சேரவில்லை. தொகை பெரிதானால், தகராறை நீதிமன்றத்துக்குப் பதில் இருவரும் ஏற்கும் நடுவர் தீர்ப்பார் என்ற நடுவர் மன்ற வரி எழுதிக்கொள்வது நல்லது. நடுவர் தீர்ப்புகள் 1958 நியூயார்க் உடன்படிக்கையின் கீழ் போகின்றன. இந்தியா, பிரிட்டன், நெதர்லாந்து மூன்றும் அதில் உண்டு, ஒன்றியத்தை விட்டு விலகியதால் அதற்கு ஒரு கீறலும் விழவில்லை. 38,000 பவுண்டுக்கு அதுவும் செலவு கூடிய வழிதான்.

தங்கை குடும்ப விஷயத்துக்கு வருகிறேன். 1962 ஆகஸ்ட் 16-இல் பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளும் விருப்பம் அங்கே பிறந்தவர்களுக்குத் தரப்பட்டது. அப்படித் தக்கவைத்தவர்களின் வாரிசுகள் பலர், ஒன்றியத்தின் நடமாட்ட உரிமையில் பாரிஸிலிருந்து லண்டனுக்குக் குடிபோனவர்கள். உங்கள் மைத்துனர் 2020 டிசம்பர் 31-க்கு முன்பே அங்கே குடியிருந்து, 2021 ஜூன் 30-க்குள் விண்ணப்பித்திருந்தால் அவர் உரிமை விலகல் ஒப்பந்தத்தால் பாதுகாக்கப்பட்டது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சாதாரணக் குடியேற்ற விதியை மாற்றுவதுபோல் இதை மாற்ற முடியாது. 5 ஆண்டு குடியிருப்பு முடித்தவருக்கு நிரந்தர நிலை, முடிக்காதவருக்கு இடைநிலை. இடைநிலைக்காரர் குறித்த நாளுக்குள் இரண்டாவது முறை விண்ணப்பிக்காவிட்டால் உரிமையே போய்விடும் என்று அரசு வைத்திருந்த விதியை, 2022 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் ஒப்பந்தத்துக்கு விரோதம் என்று தள்ளியது. அதன்பிறகு இடைநிலையை அரசே தானாக நீட்டிக்கிறது. இருந்தாலும் 5 ஆண்டு முடிந்தவுடன் நிரந்தர நிலைக்கு விண்ணப்பித்துவிடச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் புதுப்பித்தால் புது எண்ணை இணையக் கணக்கில் ஏற்ற வேண்டும். இதை மறந்து விமான நிலையக் கவுன்டரில் மாட்டிக்கொள்பவர்கள் அதிகம். நிரந்தர நிலைக்காரர் தொடர்ந்து 5 ஆண்டுக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் அது காலாவதியாகும். உங்கள் தங்கைக்குத் தீர்மானமான தேதி திருமணத் தேதி. 2020 முடிவதற்குள் திருமணம் நடந்திருந்தால் அவர் உரிமை கணவரின் உரிமையோடு சேர்ந்தது. அதற்குப்பின் என்றால் சாதாரண மனைவி விசா விதி, அதாவது 2024 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 29,000 பவுண்டு வருமான நிபந்தனை.

உங்கள் கடைசி வரிக்குப் பதில் சொல்லும்போது முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். 'ஐரோப்பிய நீதிமன்றம்' என்று நம் ஆட்கள் சொல்வது இரண்டு வேறு நீதிமன்றங்கள். லக்ஸம்பர்கில் இருப்பது ஒன்றியத்தின் நீதிமன்றம். ஸ்ட்ராஸ்பூர்கில் இருப்பது மனித உரிமை நீதிமன்றம். அது 46 நாடுகள் கொண்ட ஐரோப்பிய கவுன்சிலைச் சேர்ந்தது, ஒன்றியத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிரிட்டன் விலகியது முதலாவதிலிருந்து மட்டும். இரண்டு கதவுகளையும் ஈழத் தமிழர் வழக்குகள் தட்டியிருக்கின்றன. 2008 ஜூலையில் ஸ்ட்ராஸ்பூர்க், ஒரு தமிழரைக் கொழும்புக்குத் திருப்பியனுப்புவது சித்திரவதைத் தடைக்கு விரோதம் என்று பிரிட்டனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அந்தக் கதவு இன்றும் திறந்திருக்கிறது. 2018 ஏப்ரலில் லக்ஸம்பர்க், புலிகள் அமைப்பில் இருந்ததற்காக இலங்கைப் படையினரால் சித்திரவதைக்கு ஆளான ஒருவரைப் பற்றி, பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் அனுப்பிய கேள்விக்குப் பதில் சொன்னது: திரும்பிப் போனால் மறுபடி சித்திரவதை நடக்காது என்றாலும், அந்தக் காயத்துக்கான மருத்துவத்தை அந்நாடு வேண்டுமென்றே மறுக்கும் ஆபத்து இருந்தால் பாதுகாப்புத் தகுதி வரலாம் என்று. அந்தக் கதவு மூடிவிட்டது. இன்று அதே கேள்வி எழுந்தால் பிரிட்டிஷ் நீதிபதி அதை லக்ஸம்பர்குக்கு அனுப்ப முடியாது. குடியிருப்பு உரிமை பற்றிய வழக்குகளுக்கு மட்டும், 2028 முடிவதற்குள் தொடங்கினால், அனுப்பும் வசதி உண்டு. உங்கள் மைத்துனருக்கு அது பொருந்தும். வட அயர்லாந்தின் சரக்கு விதிகளிலும் லக்ஸம்பர்க் நீதிமன்றத்தின் சொல்லே இன்னும் கடைசி.

வட சென்னைக்காரர்கள் கவனிக்க வேண்டிய மாற்றம் என்று நான் நினைப்பது வேறு இரண்டு. 2005-இல் லக்ஸம்பர்க் நீதிமன்றம் ஒரு விதி வகுத்தது: இங்கிலாந்தில் பதிவான கம்பெனிமேல் அங்கே வழக்கு வந்தால், 'இது வேறு நாட்டில் நடந்த விஷயம், அங்கே போ' என்று இங்கிலாந்து நீதிபதி தட்டிக்கழிக்கக் கூடாது. ஜாம்பியாவின் சிங்கோலா பகுதி கிராமத்தார், தாமிரச் சுரங்கக் கழிவால் தங்கள் ஆறு கெட்டது என்று வேதாந்தா தாய்க் கம்பெனிமேல் லண்டனில் போட்ட வழக்கு நிற்பதற்கு அந்த விதி ஒரு தூண். 2019-இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கை நடத்த அனுமதித்தது. 2021-இல் பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல் கம்பெனி சமரசம் செய்தது. இப்போது அந்தத் தூண் இல்லை. எண்ணூரிலோ மணலியிலோ ஒருவர் லண்டன் தாய்க் கம்பெனிமேல் நாளை வழக்குப் போட்டால், இந்தியாவில் நியாயம் கிடைக்காது என்று காட்டும் சுமை அவர்மேல் விழலாம். இந்திய நீதிமன்றங்களைப் பற்றி அப்படி நிரூபிப்பது எளிதல்ல. சமரசத்துக்கு உட்கார வைக்கும் வலுவே இதில் குறைந்துபோகிறது என்பதுதான் எனக்கு வருத்தம்.

இரண்டாவது, அரசையே கேள்வி கேட்கும் வலு. ஒன்றியச் சட்டத்தை மீறிய அரசிடம் இழப்பீடு கேட்கும் உரிமை 1991 முதல் குடிமகனுக்கு இருந்தது. அது இப்போது பிரிட்டனில் இல்லை. ஒன்றியத்தின் அடிப்படை உரிமைச் சாசனமும் உள்நாட்டுச் சட்டத்தில் இல்லை. காற்று மாசு வரம்பைத் தாண்டினால் ஐரோப்பிய ஆணையம் அரசைக் கோர்ட்டுக்கு இழுத்து அபராதம் வரை கொண்டுபோகலாம். அதற்குப் பதிலாக பிரிட்டனின் 2021 சட்டம் ஒரு சுற்றுச்சூழல் பாதுகாப்பு அலுவலகத்தை ஏற்படுத்தியது. அது நீதிமன்றத்துக்குப் போகலாம், அபராதம் கேட்க முடியாது. 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக வழக்கு எடுத்ததைப் பார்த்தவர்களுக்கு, அரசுக்கு வெளியே ஒரு கை இருப்பதன் அருமை தெரியும். மேற்கு ஆப்பிரிக்காவில் இழப்பு இன்னும் கனமானது. 2025 ஜனவரி 29-இல் மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் மூன்றும் எகோவாஸ் கூட்டமைப்பை விட்டு விலகின. அபுஜாவில் உள்ள அதன் நீதிமன்றத்துக்கு, உள்ளூர் நீதிமன்றங்களை ஏறி இறங்காமலேயே தனிமனிதர் நேராகப் போகலாம். அது 2023 டிசம்பரில் நைஜரின் பதவி பறிக்கப்பட்ட அதிபர் பசூமை விடுவிக்கச் சொன்னது. ஆட்சியைப் பிடித்தவர்கள் விடுவிக்கவில்லை. இப்போது கூட்டமைப்பையே விட்டுப் போய்விட்டார்கள்.

குற்றவியல் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்றியத்தின் கைது வாரண்ட் போய், அதைப் போன்ற ஒப்படைப்பு ஏற்பாடு வந்திருக்கிறது. ஆனால் ஜெர்மனி, பிரான்ஸ், போலந்து உட்பட 10 நாடுகள் தங்கள் குடிமக்களை பிரிட்டனிடம் ஒப்படைக்க மறுத்துவிட்டன. ஜெர்மனியின் அரசியல் சட்டமே, ஒன்றிய நாட்டுக்கும் சர்வதேச நீதிமன்றத்துக்கும் தவிர வேறு யாருக்கும் ஜெர்மானியரை ஒப்படைக்கத் தடை சொல்கிறது. தேடப்படுவோர் பற்றிய ஒன்றியத்தின் கூட்டுத் தகவல் தளம் பிரிட்டிஷ் போலீசுக்கு மூடிவிட்டது, டி.என்.ஏ., கைரேகைப் பரிமாற்றம் தொடர்கிறது. மனித உரிமை உடன்படிக்கையை விட்டும் பிரிட்டன் விலகினால் இந்தப் போலீஸ் ஒத்துழைப்பு முழுவதும் முடிவுக்கு வரும் என்று அந்த வணிக ஒத்துழைப்பு ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. இந்தியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான ஒப்படைப்பு உடன்படிக்கை 1992-இல் கையெழுத்தானது. இதனால் அதற்கு மாற்றமில்லை.

உங்கள் ஒப்பந்தத் தாளைப் பார்க்காமல் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஆனால் ஒரு விஷயத்தை இன்றே சரிபாருங்கள். இங்கிலாந்தில் கடன் வழக்குக்கு 6 ஆண்டு என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அதை நம்பி உட்காராதீர்கள். எந்த நாட்டுச் சட்டம் என்று எழுதாத விற்பனை ஒப்பந்தத்துக்கு, விற்றவரின் நாட்டுச் சட்டமே பொருந்தும் என்ற ஐரோப்பிய விதியை பிரிட்டன் விலகியபின்னும் வைத்துக்கொண்டிருக்கிறது. விற்றவர் நீங்கள், எனவே இந்தியச் சட்டம். காலவரம்பும் அந்தச் சட்டத்தோடு சேர்ந்தே வரும் என்பதால், லண்டன் நீதிபதியும் உங்களுக்கு நம் ஊரின் 3 ஆண்டைத்தான் எண்ணுவார். 2023 நவம்பர் சரக்கு, 90 நாள் கடன் என்றால் கணக்கு 2024 பிப்ரவரியில் தொடங்கி 2027 பிப்ரவரியில் முடிகிறது. நடுவில் எதிராளி ஒரு தவணை கட்டி அதை எழுத்தில் காட்டியிருந்தாலோ, 'பாக்கி இருக்கிறது, தருகிறேன்' என்று மின்னஞ்சல் எழுதியிருந்தாலோ, அந்த நாளிலிருந்து 3 ஆண்டு புதிதாக ஓடும். ஆர்டர் மின்னஞ்சல்கள், ஷிப்பிங் பில், பில் ஆஃப் லேடிங், வங்கிக் கடிதங்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி, அப்படி ஒரு மின்னஞ்சல் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லாவிட்டால் கோரிக்கைக் கடிதம் இந்த மாதமே போக வேண்டும்.